வெறும் தண்ணீரில் இருபது பேர்

"இந்த வரிசையில எத்தனை படுத்திருக்கு?" என்று கேட்டார் மேனேஜர்.

"பத்து சார்."

"இருபதுக்குப் பத்தா! அவ்வளவு பயங்கரமான மருந்தா?"

"இது மருந்து இல்ல சார். வெறும் தண்ணி."

மேனேஜர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டு பார்த்தார். பத்துப் பேரும் பீக்கர்களின் அடியில் படுத்துத்தான் கிடந்தார்கள். டைரியை எடுத்து "நோட்டட்" என்று எழுதிக்கொண்டார். கூரை இடிந்து தலையில் விழுந்தாலும் மனுஷர் முதலில் அதைத்தான் எழுதுவார். அதனால் ஆபீஸில் அவருக்கு நோட்டட் சார் என்றே பெயர்.

படுத்தது யார் என்று சொல்லிவிட வேண்டும். தண்ணீர்த் தெள்ளு. குளத்துத் தண்ணீரைக் கண்ணாடித் தம்ளரில் மொண்டு வெளிச்சத்தில் பிடித்தால், கடுகில் பாதி அளவில் ஏதோ ஒன்று தத்தித் தத்தி மேலும் கீழும் போகுமே, அதுதான். தொழிற்சாலைக்காரர்கள் புதிதாக ஒரு ரசாயனம் தயாரித்தால், அது ஆற்றிலோ குளத்திலோ கலந்தால் என்ன ஆகும் என்று பார்த்துச் சொல்ல இந்த ஆய்வுக்கூடத்துக்கு அனுப்புவார்கள். இங்கே ஆறு வரிசை பீக்கர் வைப்பார்கள். முதல் வரிசையில் வெறும் தண்ணீர். இரண்டாவதில் துளி மருந்து, மூன்றாவதில் கொஞ்சம் கூட, இப்படியே ஏறி ஆறாவதில் உள்ளதிலேயே கடும் மருந்து. வரிசைக்கு நாலு பீக்கர், பீக்கருக்கு ஐந்து தெள்ளு. மறுநாள் காலை ஒன்பது மணிக்கு ஒவ்வொரு பீக்கரையும் லேசாக ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுப் பதினைந்து வினாடி பார்ப்பார்கள். நீந்தினால் பிழைத்தது. அடியில் கிடந்தால் படுத்தது.

இதில் ஒரு சட்டம் உண்டு. வெறும் தண்ணீரில் இருபதுக்கு இரண்டுக்கு மேல் படுத்துவிட்டால் மொத்தச் சோதனையும் குப்பை. தண்ணீரிலேயே சுருண்டு விழுகிற பூச்சியை வைத்துக்கொண்டு விஷத்தை எப்படி அளப்பது?

"சரி, ஆறாவது வரிசை?" என்றார் நோட்டட் சார்.

"அதுலயும் பத்து படுத்திருக்கு. மீதிப் பத்தும் பிரமாதமா நீந்துது சார்."

"எதுல?"

"கடும் மருந்துல."

"நோட்டட்."

இந்தப் பதில்களைச் சொல்லிக்கொண்டிருந்தவளை அங்கே எல்லாரும் மருத்துவச்சி என்பார்கள். சோதனைக்குப் பிறந்து ஒரு நாள்கூட ஆகாத குஞ்சுகள்தான் வேண்டும். தாய்த் தொட்டியில் யார் யாருக்குப் பிரசவம் ஆயிற்று என்று தினம் பார்த்து, குஞ்சுகளைச் சொட்டுக்குழாயால் ஒவ்வொன்றாக உறிஞ்சிப் பிரித்து வைப்பது அவள் வேலை. பதினோரு வருஷமாக ஒரே வம்சம். அத்தனையும் பெண். ஆண் துணை இல்லாமலே பெற்றுத் தள்ளிக்கொண்டிருந்தன. இந்தச் சங்கதியைக் கேள்விப்பட்ட நாளிலிருந்து அவள் வீட்டுக்காரர் அந்த அறைப் பக்கம் எட்டிப் பார்த்ததில்லை.

"தலைமை ஆபீஸ்ல என்ன நினைக்கிறாங்க தெரியுமா?" என்றார் நோட்டட் சார். "இந்த ரூமைக் காலி பண்ணிட்டு ஜெராக்ஸ் மெஷின் போடலாம்னு நினைக்கிறாங்க. இன்னும் ரெண்டு தடவை பாப்பாங்க. அப்பவும் இதுங்க தண்ணியில படுத்துச்சுன்னா ரூமை மூடிடுவாங்க. நீங்க மண் பிரிவுக்குப் போயிடுவீங்க."

"அப்போ இதுங்க?"

நோட்டட் சார் கை கழுவும் தொட்டியைப் பார்த்தார். பதினோரு வருஷத்துக் குடும்பத்தைக் குழாயைத் திறந்துவிட்டு வழியனுப்புவதா? அன்று மருத்துவச்சிக்கு மதியச் சாப்பாடு இறங்கவில்லை.

முதலில் தண்ணீர்மேல் சந்தேகப்பட்டாள். குழாய்த் தண்ணீரில் கிருமிக்குப் போடும் மருந்து மிச்சமிருந்தாலே தெள்ளுக்கு ஆகாது. தண்ணீரைத் தொட்டியில் பிடித்து, காற்றுக் குமிழி விட்டு, மூன்று நாள் ஆறப்போட்டாள். பிறகு அட்டெண்டரைக் கூப்பிட்டாள். அவர் வேலையில் சேர்ந்து பதினைந்து நாள்தான் ஆகியிருந்தது. ஐம்பது வயதுக்காரர். காலை ஏழரைக்கே வந்து அறைகளைத் திறந்து, விளக்குப் போட்டு, மேஜை துடைத்து வைத்துவிடுவார். வாயைத் திறந்து நாலு வார்த்தை பேசி யாரும் கேட்டதில்லை.

"அண்ணே, நான் வர்றதுக்கு முன்னாடி இந்த ரூமுக்குள்ள யாராவது வர்றாங்களா?"

"என்னைத் தவிர ஒரு ஈ காக்கா வராது மேடம்."

"அப்பாடா! அது போதும். கொஞ்சம் இதுங்களை நல்லா பாத்துக்கங்கண்ணே. உங்களை நம்பித்தான் விட்டுட்டுப் போறேன்."

"நீங்க கவலைப்படாதீங்க மேடம்" என்றார் அவர்.

அடுத்த வாரம் இரண்டாவது சோதனை. வெறும் தண்ணீரில் பதினைந்து பேர் படுத்துவிட்டார்கள். கடும் மருந்தில் பதினைந்து பேர் துள்ளி விளையாடிக்கொண்டிருந்தார்கள். ஐந்தாவது வரிசையில் அதைவிடக் கொஞ்சம் சோர்வு. இரண்டாவது வரிசையில் பாதிப் பேர் மயக்கம். மருந்து கூடக் கூட ஆரோக்கியமும் கூடிக்கொண்டே போயிற்று.

"நீங்க வரிசையை மாத்தி வெச்சுட்டீங்களா?" என்றார் நோட்டட் சார்.

"என் கையால எழுதி ஒட்டின சீட்டு சார். நானே கலந்தது. அந்தத் தண்ணிய வேற பீக்கர்ல ஊத்தி, புதுசா அஞ்சு விட்டுப் பாத்தேன். ஜம்முனு நீந்துது."

"அப்போ தண்ணி மேல தப்பில்ல."

"இல்ல."

"பூச்சி மேலயும் தப்பில்ல."

"இல்ல சார்."

"அப்போ யார் மேல தப்பு?"

நோட்டட் சார் டைரியைத் திறந்தார், எழுதவில்லை. எதை எழுதுவது?

அந்த நேரம் பார்த்துத் தொலைபேசி அடித்தது. மருந்துக்குச் சொந்தக்காரர். இயந்திரங்களில் ஏறிய எண்ணெய்ப் பிசுக்கைப் போக்கும் திரவம் ஒன்றைப் புதிதாகத் தயாரித்து அனுப்பியிருந்தவர். பிசுக்கு முதலாளி என்றால் ஆபீஸில் எல்லாருக்கும் தெரியும். பொய் சொல்லிப் பழக்கமில்லாத நோட்டட் சார் உள்ளதை உள்ளபடி சொல்லித் தொலைத்தார்.

"சார், உங்க மருந்துல நல்லா இருக்கு. தண்ணியிலதான் செத்துப் போகுது."

மறுமுனையில் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது.

"இன்னொரு தடவை சொல்லுங்க" என்றார் முதலாளி. இன்னொரு தடவை சொன்னார். "அடேயப்பா! அடுத்த சோதனைக்கு நானே வர்றேன். போட்டோகிராபரையும் கூட்டிட்டு வர்றேன்!"

அன்று மாலை மருத்துவச்சி வீட்டுக்கு வந்ததும் வராததுமாகக் குளியலறைக்குள் போய் வாசனைச் சோப்பு, ஷாம்பு, பவுடர் எல்லாவற்றையும் வாரி ஒரு பையில் போட்டாள். கொசு மருந்தும் பைக்குள் போயிற்று. வீட்டுக்காரர் சவரம் செய்துகொள்ளும் கிரீமைக் கையில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றார்.

"இதுகூடவா?"

"அதுகூடத்தான். என் உடம்புல இருந்துதான் ஏதோ தண்ணிக்குள்ள போகுதுன்னு சந்தேகமா இருக்கு."

"எனக்கு ஒண்ணு மட்டும் புரியல. அதுங்க செத்தா உனக்கு நல்லதா, பொழைச்சா நல்லதா?"

"மருந்துல செத்தா நல்லது. தண்ணியில பொழைச்சா நல்லது."

"இப்ப?"

"மருந்துல பொழைக்குது. தண்ணியில சாகுது."

வீட்டுக்காரர் விரல் விட்டு எண்ணினார். "ரெண்டையும் கூட்டிக் கழிச்சா சரியாத்தானே வருது?" என்றார். மருத்துவச்சி கிரீமைப் பிடுங்கிப் பையில் போட்டாள். அந்த வாரம் முழுக்க இருவரும் சோப்பில்லாமல் குளித்தார்கள். வீட்டுக்காரர் ராத்திரியெல்லாம் கொசுவை அடித்துக்கொண்டே அந்தத் தெள்ளுக் குடும்பத்தை மனதாரத் திட்டினார்.

ஆபீஸிலும் சட்டம் வந்தது. தெள்ளு அறை இருக்கும் மாடியில் யாரும் சென்ட் பூசக் கூடாது. நோட்டட் சாருக்குத்தான் கோபம்.

"இது என் பொண்டாட்டி வாங்கிக் குடுத்தது. பூசாம போனா வீட்டுல என்ன பதில் சொல்றது?"

"வாசல் வரைக்கும் பூசிட்டு வாங்க சார். ஆபீஸ்ல கழுவிடுங்க."

"எதை வெச்சுக் கழுவுறது? சோப்பும் கூடாதுங்கறீங்களே!"

கண்ணாடிச் சாமான்களை அவளே நல்ல தண்ணீரில் ஒன்பது தடவை அலசினாள். பீக்கரைத் தொடுவதற்கு முன் தன் கையைப் பதினோரு தடவை அலசினாள். தோல் சுருங்கிப்போயிற்று. அப்போதும் மனசு கேட்கவில்லை. கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தாள். தண்ணீர் நல்ல தண்ணீர், பூச்சி நல்ல பூச்சி என்றால் மிச்சம் இருப்பது அவள்தான். அவள் ராசியோ, அவள் மூச்சோ, அவள் கையோ, ஏதோ ஒன்று அதுகளுக்கு ஆகவில்லை. அவள் விலகிக்கொள்வதுதான் முறை.

அட்டெண்டரைக் கூப்பிட்டு அறையின் இரண்டு சாவியையும் அவர் கையிலேயே கொடுத்தாள்.

"அண்ணே, இந்தத் தடவை நான்கூட உள்ள வரப்போறதில்ல. மருந்தைக் கலந்து வெச்சுட்டேன். குஞ்சுங்களை நீங்கதான் பீக்கர்ல விடணும். நாளைக்கு ஒன்பது மணிக்கு எல்லார் முன்னாடியும்தான் திறக்கணும். அது வரைக்கும் உங்களைத் தவிர ஒருத்தரும் உள்ள போகக் கூடாது."

"சரிங்க மேடம்."

சொட்டுக்குழாயை எப்படிப் பிடிப்பது என்று காட்டிக்கொடுத்தாள். காட்டிக்கொடுக்கத் தேவையே இருக்கவில்லை. முதல் தடவையே ஐந்து குஞ்சுகளை நோகாமல் உறிஞ்சி, நோகாமல் இறக்கிவிட்டார். இப்படிப்பட்ட கையை வைத்துக்கொண்டு மேஜை துடைக்கச் சொன்னோமே என்று அவளுக்கு வெட்கமாகக்கூட இருந்தது.

"நாளைக்குத்தான் கடைசிண்ணே. தண்ணியில இருக்கறதுங்க படுத்துட்டா அத்தனையையும் கை கழுவுற தொட்டியில கொட்டிடுவாங்க" என்றாள்.

அட்டெண்டருக்குக் கண் கலங்கிற்று. "நான் சீக்கிரமே வந்துடறேன் மேடம்" என்றார்.

மறுநாள் ஒன்பது மணிக்கு அறை வாசலில் கூட்டம். பிசுக்கு முதலாளி கோட்டு போட்டுக்கொண்டு வந்திருந்தார். போட்டோகிராபர் கழுத்தில் இரண்டு காமிராவைத் தொங்கவிட்டிருந்தார். நோட்டட் சார் வாழ்க்கையில் முதல்முறையாக எந்த வாசனையும் இல்லாமல் நின்றுகொண்டிருந்தார். அட்டெண்டர் கதவைத் திறந்துவிட்டார்.

மருத்துவச்சி முதல் வரிசையில் முதல் பீக்கரை எடுத்தாள். லேசாக ஒரு சுற்று. பதினைந்து வினாடி. ஐந்தும் அடியில். இரண்டாவது பீக்கர், ஐந்தும் அடியில். மூன்றாவதும் அப்படியே. நாலாவதை எடுக்கும்போது அவளுக்குக் கண் மறைத்தது. எண்ணுவதற்கே அவசியம் இருக்கவில்லை.

வெறும் தண்ணீரில் இருபது பேரும் படுத்துவிட்டார்கள்.

ஆறாவது வரிசையில் இருபது பேரும் நீந்தினார்கள். நீந்தினார்களா! கும்மாளம் போட்டார்கள்.

"சபாஷ்!" என்று கத்தினார் முதலாளி. "நாளைக்கே பாட்டில்ல போட்டுடறேன். 'தண்ணீரை விடப் பாதுகாப்பானது!' கீழ உங்க லேப் பேரு. எடுங்கம்மா, ரிப்போர்ட்ல ஒரு கையெழுத்துப் போடுங்க."

"சார், எண்ணெய்ப் பிசுக்கைக் கரைக்கிற மருந்து எப்படி சார் தண்ணிய விடப் பாதுகாப்பா இருக்கும்?"

"நானா சொல்றேன்? உங்க பூச்சி சொல்லுது!"

"இந்தச் சோதனை செல்லாது சார். தண்ணியில படுத்துட்டா செல்லாது. அதான் சட்டம்."

நோட்டட் சார் அவளை ஓரமாக இழுத்தார். "நல்லா யோசிச்சுக்கங்க. செல்லாதுன்னு எழுதினீங்கன்னா ரூமை இன்னிக்கே மூடணும். அத்தனையும் தொட்டிக்குப் போயிடும். கையெழுத்துப் போட்டீங்கன்னா முதலாளி இனிமே எல்லா மருந்தையும் இங்கதான் அனுப்புவாராம். உங்க பூச்சிங்க பேரன் பேத்தி எடுக்கும்."

"அதுங்களுக்குப் பேரன் கிடையாது சார். பேத்திதான்" என்றாள் மருத்துவச்சி. அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தது. கையெழுத்துப் போட்டால் நாளைக்கு எவனாவது இதை நம்பிக் கிணற்றில் கொட்டுவான். போடாவிட்டால் பதினோரு வருஷத்துக் குடும்பம் சாக்கடையில். என்ன செய்வாள் பாவம்!

"படம் நல்லா வரணும்னா யாராவது ஒரு வாய் குடிக்கலாமே" என்றார் போட்டோகிராபர்.

எல்லாரும் முதலாளியைப் பார்த்தார்கள்.

"எனக்கு அல்சர்" என்றார் முதலாளி.

எல்லாரும் நோட்டட் சாரைப் பார்த்தார்கள்.

"நான் நிர்வாகம்" என்றார் நோட்டட் சார். "நிர்வாகம் குடிக்கிறதில்ல."

மருத்துவச்சி மூக்கை உறிஞ்சிக்கொண்டு நிமிர்ந்தாள். கடும் மருந்தின் கலவை ஜாடியில் மிச்சமிருந்தது. ஒரு தம்ளரை எடுத்து அதில் அரைத் தம்ளர் ஊற்றினாள்.

"ஐயையோ, என்ன பண்றீங்க?" என்றார் நோட்டட் சார்.

"இவ்வளவு வருஷம் அதுங்களை உள்ள விட்டு எண்ணிட்டிருந்தேன். இன்னிக்கு என்னை எண்ணுங்க. குடிச்சிட்டு நான் நல்லா இருந்தா கையெழுத்துப் போடறேன். நான் படுத்துட்டேன்னா மருந்துதான் தப்பு, என் பூச்சிங்க மேல ஒரு தப்பும் இல்லன்னு எழுதிடுங்க."

"படுத்துட்டீங்களா இல்லையான்னு எப்படிம்மா தெரிஞ்சுக்கறது?"

"லேசா ஒரு சுத்துச் சுத்திவிட்டுப் பதினஞ்சு வினாடி பாருங்க சார்."

"நோட்டட்" என்று தன்னை மறந்து எழுதிக்கொண்டார் நோட்டட் சார்.

அவள் வீட்டுக்காரருக்குப் போன் போட்டாள். "நான் இன்னிக்கு வர லேட்டாகலாம். வராமலும் போகலாம். அந்தப் பை கட்டிலுக்கு அடியில இருக்கு. நீங்க சோப்புப் போட்டுக் குளிங்க" என்றாள்.

"நிஜமாவா?" என்ற குரலில் இருந்த சந்தோஷத்தைக் கேட்டுக்கொண்டே போனை வைத்தாள்.

போட்டோகிராபர் காமிராவைக் கண்ணில் வைத்துக்கொண்டார். முதலாளி கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டு அவள் பக்கத்தில் வந்து நின்றார். மருத்துவச்சி கண்ணை மூடிக்கொண்டு தம்ளரைத் தூக்கினாள். விளிம்பு உதட்டில் பட்டது.

"மேடம், ஒரு நிமிஷம்!"

அட்டெண்டர். கையில் ஒரு சொம்பு நல்ல தண்ணீர். அவ்வளவு சத்தமாக அவர் பேசி அன்றுவரை யாரும் கேட்டதில்லை.

"ஒரு வாய் குடிச்ச உடனே இந்தத் தண்ணிக்கு மாறிடுங்க. கெமிக்கல்ல ஒரே ஆளை ரொம்ப நேரம் வைக்கக் கூடாது. நான் இருபது வருஷம் இருந்த பெயிண்ட் ஃபேக்டரியில அதுதான் முறை."

"இங்க அதெல்லாம் யாருண்ணே பாக்கறாங்க?" என்றாள் அவள், தம்ளரை இறக்காமலே.

"அதான் மேடம், வேற யாரும் பாக்கலைன்னுதான் ஒவ்வொரு தடவையும் காலையில எட்டு மணிக்கு, ராத்திரி பூரா மருந்துல கெடந்து களைச்சதுங்களைத் தண்ணிக்கும், தண்ணியில சும்மா இருந்ததுங்களை மருந்துக்குமா நானே ஷிஃப்ட் மாத்தி விட்டுட்டிருக்கேன்!"